புது பிரின்சிபால் வந்த பிறகு

தனியார் பள்ளியில் வேலைக்குச் சேரப் போகிற யாரும் முதலில் விசாரிப்பது சம்பளம் எவ்வளவு, ஸ்கூல் வேன் நம் ஏரியாவுக்கு வருமா, நம் பிள்ளையைச் சேர்த்தால் ஃபீஸில் குறைப்பார்களா என்பதைத்தான். நானும் அதைத்தான் விசாரித்துச் சேர்ந்தேன். பிரின்சிபால் எப்படிப்பட்டவர், அவர் போய்விட்டால் அடுத்து யார் வருவார் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. கொங்குப் பகுதியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் 2016 ஜூன் முதல் 2023 ஜனவரி வரை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தேன். அதே பாடம், அதே கட்டடம், ஏறக்குறைய அதே மாதிரிப் பிள்ளைகள். நடுவில் பிரின்சிபால் மாறினார். அதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்த வகுப்புகளைப் பார்த்தால் ஒரே ஆள் எடுத்தது என்று சொல்ல முடியாது. கடைசியில் வேலையை விட்டு வெளியே வருவதற்குள் கையை விட்டுப் போனது ஒரு லட்சத்துக்கும் மேல். இதே நிலைமையில் இப்போது ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் பிரின்சிபால் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பைப் பார்க்க வருவார், ஆனால் முன்னால் வந்து நிற்க மாட்டார். பின்கதவு வழியாக வந்து கடைசி பெஞ்சில் பையன்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொல்ல ஆரம்பித்தால் கையை ஆட்டி உட்காரச் சொல்லிவிடுவார். நான் சேர்ந்த புதிதில் பத்தாம் வகுப்புக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது நடத்திக்கொண்டிருந்தபோது அப்படித்தான் வந்தார். போர்டில் பெரிய காம்பஸை வைத்து வட்டம் போட்டு, கலர் சாக்பீஸில் தொடுகோடு இழுத்து, எனக்கே திருப்தியாக முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு அவரே வந்தார். "படம் அழகா வந்துச்சும்மா. என் பெஞ்சில ரெண்டு பேருகிட்ட காம்பஸ் கிடையாது. ஒருத்தன் தண்ணி பாட்டில் மூடியை வெச்சு வட்டம் போட்டான். மூடியை எடுத்துட்டா மையம் எங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மையம் தெரியாம அவன் எந்த ஆரத்துக்குச் செங்குத்தா கோடு போடுவான்?" அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு டஜன் காம்பஸ் என் மேஜைக்கு வந்தது. அன்றிலிருந்து ஜியோமெட்ரி வகுப்பென்றால் பாடத்தை ஆரம்பிக்கும் முன் கடைசி பெஞ்ச் வரை ஒரு நடை போய்விட்டு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அவர் சாது என்று நினைத்துவிட வேண்டாம். திங்கட்கிழமை காலையில் பாடக்குறிப்பு மேஜைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பார். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார். பெற்றோர் யாராவது சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் முதலில் அவர் அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். அப்புறம் அவர் மட்டும் எங்களிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பேசுவார். பெற்றோரும் டீச்சரும் எதிரெதிரே நிற்கிற மாதிரி ஒரு நாளும் விட்டதில்லை. சம்பள விஷயத்தில் மட்டும் அவரால் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பள்ளி நிர்வாகியான கரஸ்பாண்டன்ட் வருடத்துக்கு 500 ரூபாய் ஏற்றினால் அதை வாங்கிக்கொள்ளச் சொல்வார். இதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தெய்வம் மாதிரி ஆகிவிடும்.

2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது ஞாபகம் இருக்கலாம். எங்கள் பக்கத்துப் பள்ளி நிர்வாகங்களுக்கு அது பெரிய அடி. ஃபிளெக்ஸ் போர்டில் என்ன போடுவது? ரேங்க் இல்லை என்றதும் சென்டம் எத்தனை, பள்ளி சராசரி எவ்வளவு, 450க்கு மேல் எத்தனை பேர் என்று பேச்சு திரும்பியது. அந்த நெருக்கடி முழுதும் எங்கள் பிரின்சிபால் அறை வரை வந்து அங்கேயே நின்றது. அது எங்களுக்கு அப்போது தெரியாது. அவர் 2021 ஏப்ரலில் உடம்பு முடியாமல் விலகிய பிறகுதான், அவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது.

அந்த ஜூனில் புதியவர் வந்தார். பெரிய ரெசிடென்ஷியல் பள்ளி ஒன்றில் ரிசல்ட்டைத் தூக்கிக் காட்டியவர் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். முதல் ஸ்டாஃப் மீட்டிங்கில் அவர் சொன்னது: "எனக்குக் காரணம் வேண்டாம், நம்பர் வேணும்." உண்மையில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. கொரோனாவால் எல்லாம் தளர்ந்து போயிருந்த நேரம், யாராவது ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் தேவலை என்றிருந்தது. செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளி திறந்ததும் புது ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லா வகுப்பிலும் கேமரா, அது அவர் போனிலேயே தெரியும். நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாஃப் குரூப்பில் செய்தி விழும்: "10 பி, மூணாவது ரோ பேசுகிறது. மேத்ஸ் மிஸ் கவனிக்கவும்." எல்லோரும் பார்க்கிற குரூப்பில். ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் பாட வாரியாகச் சராசரி போட்டு, கடைசி மூன்று பேரைச் சிவப்பில் காட்டி ஸ்டாஃப் ரூம் சுவரில் ஒட்டுவார்கள். ஒர்க் டன் ரிஜிஸ்டர், ஸ்லோ லேர்னர் ரிஜிஸ்டர், பெற்றோருக்குப் போன் செய்த ரிஜிஸ்டர் என்று எழுதியே மாலை போகும். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடித்தம். அவரும் வகுப்பைப் பார்க்க வருவார், கையில் ஒரு படிவத்தோடு. அதில் ஐடி கார்டு, குரல் அளவு, போர்டை நான்காகப் பிரித்தது, நேரத்துக்கு முடித்தது என்று டிக் அடிக்கக் கட்டங்கள் இருந்தன. பாட்டில் மூடியில் வட்டம் போடும் பையனைப் பிடிக்க அதில் கட்டம் கிடையாது.

இதெல்லாம் என் பாடம் நடத்தும் முறையை என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கேமராவில் வகுப்பு அமைதியாகத் தெரிய வேண்டும். கணக்கு வகுப்பில் கேள்வி கேட்டால் சத்தம் வரும். "மிஸ் மிஸ்" என்பான், பக்கத்தில் இருப்பவன் தப்பு என்பான், ரெண்டு பேரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில்தான் கணக்கு புரியும். நான் மெதுவாகக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். யாரும் சொல்லி விடவில்லை, தானாகவே நின்றுபோனது. போர்டில் எழுதுவது, அவர்கள் எழுதிக்கொள்வது, மணி அடித்தால் அடுத்த வகுப்பு. 2019-20இல் பத்தாம் வகுப்புக்கு வந்த புதிய புத்தகத்தில் யோசித்துப் போட வேண்டிய கணக்குகள் நிறைய. அவற்றில் கை வைக்க நேரமில்லை. கண்டிப்பாக வரும் என்று தெரிந்த வரைபடமும் செய்முறை வடிவியலும் திரும்பத் திரும்ப. புதிதாக ஒன்று செய்து பார்த்துச் சரியாக வராமல் போனால் சிவப்பில் போய்விடுவோம் என்ற பயம் இருக்கும் இடத்தில் யாரும் புதிதாக எதையும் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். முதல் வருடம் ரிசல்ட் ஏறியது. 2022 மே மாதப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சியே 90.07 சதவீதத்துக்கு இறங்கியிருந்தபோது எங்கள் பள்ளியில் எல்லோரும் பாஸ், கணக்கில் சராசரியும் நன்றாகவே வந்தது. குறைக்கப்பட்ட பாடத்திட்டம் அதற்கு எவ்வளவு காரணம் என்று யாரும் கேட்கவில்லை. பிரின்சிபாலுக்கு மாலை போட்டார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு டிஃபன் பாக்ஸ். கண்டிப்பான நிர்வாகத்தால் ரிசல்ட் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். என்ன விலையில், எத்தனை வருடத்துக்கு என்பதுதான் விஷயம்.

விலை அடுத்த வருடம் தெரிந்தது. ஜூனுக்குள் அனுபவமுள்ள ஐந்தாறு பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிரிவுக்கு டிசம்பருக்குள் அறிவியலுக்கு மூன்று டீச்சர் மாறினார்கள். இருந்தவர்கள் பிழைக்கிற வழியைக் கண்டுபிடித்தார்கள். பேப்பர் திருத்தும்போது ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தாராள மனசு வந்துவிட்டது. 28 வாங்கியவன் 35 வாங்கினான், 33 வாங்கியவன் 41. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பையனுக்குப் பின்னம் கூட்டவே வரவில்லை என்பதைப் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னால், அடுத்த கேள்வி "நீங்க இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்றுதான் வரும். அதனால் யாரும் சொல்லவில்லை. பள்ளியில் நடப்பதெல்லாம் தன் போனில் தெரிகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டிய தாளில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது, பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் குறைந்துகொண்டே வந்தது.

பி.எட். படித்தபோது குர்ட் லெவின் என்ற உளவியலாளரின் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்போம். அவரும் சக ஆய்வாளர்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது மாதிரியான கைவேலை கொடுத்து, ஒரு தலைவர் எல்லாவற்றையும் ஆணையிட, இன்னொருவர் கலந்து பேசி முடிவெடுக்க, மற்றொருவர் கண்டுகொள்ளாமல் விட, என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். ஆணையிடும் தலைவரின் குழு அவர் அறையில் இருக்கும்வரை நன்றாக வேலை செய்தது, அவர் வெளியே போனதும் கையைக் கட்டிக்கொண்டது. கலந்து பேசிய குழு அவர் போன பிறகும் வேலையைத் தொடர்ந்தது. இரண்டு மார்க் கேள்விக்குப் படித்த இந்த விஷயம் இத்தனை வருடம் கழித்து எங்கள் ஸ்டாஃப் ரூமில் நடந்தது. கரண்ட் போய்க் கேமரா நின்றால் எங்கள் தளத்தில் முதலில் கேட்பது பிள்ளைகள் சத்தம் அல்ல, டீச்சர்கள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம்.

நான் விலக முடிவு செய்தது 2022 நவம்பரில். ஒரு பையனின் அப்பா, அரையாண்டுக்கு முந்தைய டெஸ்டில் மார்க் குறைந்ததற்காக வந்து கத்தினார். பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டனுப்பி, விசாரிக்காமல், "பேரன்ட்கிட்ட சாரி சொல்லுங்க மிஸ்" என்றார். அந்தப் பையன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னேன். அதன் பிறகு அந்த வகுப்பில் நான் சொல்லி யாரும் நோட்டை எடுக்கவில்லை. ஒரு டீச்சரைப் பிள்ளைகள் முன்னால் சிறுமைப்படுத்தினால் எத்தனை அப்சர்வேஷன் செய்தாலும் அந்த வகுப்பைத் திரும்பப் பிடித்துத் தர முடியாது. ராத்திரி தூக்கம் போனது, தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது, வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். கணவர்தான் "விட்டுடு, பார்த்துக்கலாம்" என்றார்.

விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சேரும்போது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பி.எட். பட்டம் வரை ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது சகஜம், பழைய பிரின்சிபால் காலத்திலும் அப்படித்தான். நியமன ஆணையில் விலக மூன்று மாத நோட்டீஸ் என்று இருந்தது. டிசம்பர் ஆரம்பத்தில் எழுத்தில் கொடுத்தேன், வாங்க மறுத்தார்கள். ஜனவரி இறுதியோடு போவதை நிறுத்தினேன். ஜனவரி சம்பளம் 21,000 வரவில்லை. சான்றிதழ் வேண்டுமானால் மூன்று மாதச் சம்பளம் 63,000 கட்டு என்றார்கள். ஒரிஜினல் இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்கவில்லை. பிப்ரவரி முதல் மே வரை வீட்டில். கணக்கு டீச்சர், கணக்கு போடாமல் இருக்க முடியுமா? 21,000மும் நான்கு மாத 84,000மும் சேர்த்து 1,05,000.

இங்கே நடைமுறை விஷயங்கள் சில. ராஜினாமாவைக் கையில் கொடுத்து வாங்க மறுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். அன்றே தபாலில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள், பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கும் ஒரு நகல். நான் இரண்டையும் செய்திருந்ததால்தான் பின்னால் "சொல்லாமல் ஓடிவிட்டார்" என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. அடுத்து, எங்கே போய்ச் சொல்வது என்பது. நான் முதலில் தொழிலாளர் நலத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாக விளக்கினார்: தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் தொழிலாளி ஆக மாட்டார், உச்ச நீதிமன்றம் 1988இலேயே அப்படிச் சொல்லிவிட்டது, அதனால் வேலை சம்பந்தமான தகராறாக இங்கே எடுக்க முடியாது. மனசு விட்டுப்போனது. எழுந்திருக்கும்போது அவரே, "எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "கிராஜுவிட்டி கேட்டீங்களா?" என்றார். அதுவரை அது அரசாங்க வேலைக்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

கிராஜுவிட்டிக்குத் தமிழில் பணிக்கொடை, பல வருடம் வேலை பார்த்தவர் விலகும்போது நிர்வாகம் தர வேண்டிய தொகை. பணிக்கொடைச் சட்டத்தில் 2009இல் கொண்டுவந்த திருத்தப்படி, தனியார் பள்ளி ஆசிரியருக்கும் அது உண்டு, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே. பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்குகளை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2023இல் நான் கேட்டபோது இருந்த விதி இது: ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதுவும் முழு வருடம். என் அடிப்படைச் சம்பளம் 14,000, அகவிலைப்படி கிடையாது. ஆறு வருடம் எட்டு மாதம், ஆக ஏழு. 56,538 ரூபாய் வந்தது. சம்பளத்தை அடிப்படை, இதர படி என்று பிரித்துப் போடுவது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நியமன ஆணையில் அந்தப் பிரிவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிராஜுவிட்டி கேட்டுப் படிவம் கொடுத்ததும் நிர்வாகத்தின் குரல் மாறியது. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அவர்கள் வக்கீலிடம் போக வேண்டும், வக்கீல் சமாதானமாகப் போகச் சொல்வார். சான்றிதழுக்காகத் தனியாக மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்தேன். 2022இல் துறையை மாற்றியமைத்தபோது தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடம் வந்துவிட்டது, அவரிடம் போக வேண்டும். மனுவில் அழுது புலம்ப வேண்டியதில்லை. என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது, எப்போது திருப்பிக் கேட்டது என்று பட்டியல் போதும். கல்விச் சான்றிதழ் என்பது அடமானம் வைக்கிற பொருள் இல்லை என்பது சென்னை உயர் நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் சொன்னதுதான், அந்த ஒரு வரியை மனுவில் சேர்த்திருந்தேன். மே மாதக் கடைசியில் சான்றிதழ்கள் ஒரு பழுப்புக் கவரில் வந்தன. 63,000 பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. நின்ற 21,000 வரவே இல்லை, நானும் விட்டுவிட்டேன். ஒரிஜினலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்ட சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை மத்திய அரசின் உமாங் ஆப்பில் மாதம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எனக்கு ஊரடங்கு மாதங்கள் சிலவற்றுக்குப் பணம் கட்டியிருக்கவே இல்லை. விலகிய தேதியை அவர்கள் பதியாமல் இழுத்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நாமே பதிந்துகொள்ளலாம்.

வீட்டில் இருந்த அந்த மாதங்களில், ஏன் ஒருவர் வந்தால் டீச்சர் மலர்கிறார், இன்னொருவர் வந்தால் சுருங்குகிறார் என்று தேடித் தேடிப் படித்தேன். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் எழுதிய கட்டுரை ஒன்று மனதில் நின்றது. உற்சாகப்படுத்தி, பெரிய கனவு காட்டி வழிநடத்தும் தலைமையைவிட, கற்பித்தலில் நேரடியாக ஈடுபடும் தலைமையால் பிள்ளைகளின் படிப்பில் வரும் பலன் மூன்று நான்கு மடங்கு அதிகம் என்கிறார்கள். அதிலும் டீச்சர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைமையாசிரியர் தானும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்குத்தான் அதிகப் பலன். எனக்குக் கடைசி பெஞ்சும் பாட்டில் மூடியும்தான் ஞாபகம் வந்தது. மேடையில் நன்றாகப் பேசுகிற பிரின்சிபாலைப் பார்த்து நிர்வாகங்கள் மயங்குவது இதனால்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போனபோது, அவர்கள் கேட்டு முடித்ததும் நானும் ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு டீச்சரோட கிளாஸைப் பார்த்துட்டு வந்து, அப்புறம் என்ன செய்வீங்க சார்?" இதை எல்லோரும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒருவர், "ரிப்போர்ட் போட்டு மேனேஜ்மென்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார். அந்தப் பள்ளி வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். கேள்வியோடு வேறு சிலவும் பார்க்கலாம். முடிந்தால் மதிய இடைவேளையில் போங்கள். பிரின்சிபால் ஸ்டாஃப் ரூம் பக்கம் வந்தால் பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா என்று கவனியுங்கள். பழைய டீச்சர் யாரிடமாவது, இந்த வருடம் நடுவில் எத்தனை பேர் போனார்கள் என்று மட்டும் கேளுங்கள், பிரின்சிபால் எப்படி என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே வேலையில் இருந்து பிரின்சிபால் மாறிவிட்டால், முதல் டெஸ்டுக்கு முன்னால் உங்கள் வகுப்பின் உண்மை நிலவரத்தை, யாருக்கு எது வரவில்லை என்று, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நல்லவராக இருந்தால் அவருக்கு உதவும். இல்லாவிட்டால் உங்களுக்கு உதவும்.

நான் கடைசியில் சேர்ந்த இடத்தில் சம்பளம் 3,000 குறைவு. அந்தக் கேள்விக்கு அந்தப் பிரின்சிபால் மேடம் சொன்ன பதில்: "நான் யார் கிளாஸுக்கும் போறதில்லைங்க. எல்லாரும் சீனியர்ஸ், அவங்களுக்குத் தெரியாததா?" அடிபட்டு வந்தவளுக்கு அது தேனாக இருந்தது. அரையாண்டு தாண்டியதும் வேறு மாதிரி அலுப்பு வந்தது. டைம்டேபிளில் இரண்டு வகுப்பு மோதினால் நாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பையன் ஒருவன் வாரக்கணக்கில் வரவில்லை என்று சொன்னால், "பார்ப்போம்மா". நல்ல மனுஷி, யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். ஆனால் நான் நடத்துவது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. பயத்தில் வேலை கெடும் என்று தெரியும், யாருமே பார்க்காவிட்டாலும் கெடும் என்பது இங்கே தெரிந்தது.

அதற்கு நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் அக்கா ஒருவர், என்னைவிடச் சீனியர். எங்கள் ஃப்ரீ பீரியடில் மாதம் ஒரு தடவை அவர் வகுப்பில் நானும் என் வகுப்பில் அவரும் கடைசி பெஞ்சில் உட்காருகிறோம். எழுத்தில் எதுவும் கிடையாது, படிவம் கிடையாது, மூன்றாவது ஆளிடம் சொல்வதில்லை. வெளியே வந்து ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி. போன மாதம் அவர் சொன்னது, நான் வலது பக்க ரோவிடம் கேள்வியே கேட்பதில்லை என்று. ஜன்னல் வெளிச்சம் கூசுவதால் அந்தப் பக்கம் நான் திரும்புவதே இல்லையாம். ஒரு திரை வாங்கிப் போட வேண்டும் என்று மேடத்திடம் போய்க் கேட்டோம். "போட்டுக்கங்க" என்றார். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். திரைக்கு 340 ரூபாய், பாதிப் பாதியாகப் போட்டு வாங்கினோம்.